நிறம் நிற்காத முகம்

நேற்று மாலை தீட்டிய முகம் இன்று மாலை அங்கே இல்லை.

மேலங்கி இருந்தது. அதன் சிவப்புக் கழுத்துப் பட்டை இருந்தது. நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள், கடுகில் பாதி அளவு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெளிச்சப் புள்ளியோடு மின்னிக்கொண்டிருந்தன. முதுகுப் பை, வலது தோளில் சாய்த்துப் பிடித்த துப்பாக்கி, அதன் முனைக் கத்தி, சேறு படிந்த பூட்ஸ், எல்லாம் வைத்தது வைத்தபடி. தொப்பிக்குக் கீழே மட்டும் வெறுமை. மூக்கும் கன்ன எலும்பும் உதட்டு மடிப்பும் வார்ப்பில் இருந்தபடியே இருந்தன. அவற்றின் மேல் அடிப்பூச்சாக அடித்த பிரைமரின் சாம்பல் நிறம் மட்டுமே மிச்சம்.

நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பல்காரர் பொம்மையை விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். பகலெல்லாம் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து பழைய காலத்துப் போர்வீரர் பொம்மைகளுக்கு அக்ரிலிக் தீட்டுவார். நடுவிரல் உயரத்துக்கு ஈய வார்ப்புகள். பிடித்துக்கொள்ள வாகாக ஒவ்வொன்றையும் காலி மாத்திரைப் புட்டியின் தலையில் ஒட்டிவைத்திருப்பார். "பகல்ல பல்லு, சாயங்காலம் பட்டாளம். நடுவுல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறது எப்பத்தான் ஞாபகம் வரும்?" என்று மனைவி குத்திக்காட்டுவார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். ஊருக்கு மட்டுமல்ல, பல்காரருக்கும் அவர் டீச்சர்தான்.

இப்படி ஆவது முதல் தடவை இல்லை. எத்தனை தரம் தீட்டினாலும் மறுநாள் முகம் மொட்டையாகிவிடுகிறது. அக்ரிலிக் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும் சாயம். காய்ந்தபின் தண்ணீருக்கும் மசியாது. தூசி தட்டும்போது கைபட்டிருக்குமோ என்று டீச்சரைக் கேட்டுப் பார்த்தார்.

"உங்க பட்டாளத்துப் பக்கமே நான் வர்றதில்ல. கை பட்டா கோர்ட் மார்ஷல் பண்ணிடுவீங்களே."

அதுவும் உண்மைதான். சாயக் கம்பெனிக்காரனைத் திட்டினார். பிரைமரைத் திட்டினார். ஒரு வாரமாய்ப் பிடித்துக்கொண்டிருக்கும் மழையையும் விடவில்லை. ஆனால் உரிந்திருந்தால் மேசையில் செதில் கிடக்க வேண்டும். தேய்ந்திருந்தால் மூக்குத் துவாரத்திலாவது கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். எதுவும் இல்லை. யாரோ நாக்கால் நக்கி எடுத்ததுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

பொம்மை வந்த விதம் அப்போது நினைவுக்கு வந்தது. வீட்டைக் காலி செய்கிற ஒரு பெண்மணி விற்றது. மேல்வேலை முழுக்க முடிந்து முகம் மட்டும் தீட்டாமல் இருந்ததைப் பார்த்ததும் இவருக்குக் கை ஊறிவிட்டது. அந்தப் பெண்மணி உள்ளே அழைக்கவில்லை. கையுறை போட்டிருந்தார், முகத்தில் பவுடரைத் தாராளமாக அப்பியிருந்தார். இரண்டு கண்ணும் ஒரே நிறத்தில் இல்லை. ஒன்று நல்ல கறுப்பு, மற்றது வெளிர் பழுப்பு. நிறம் பார்த்தே சோறு தின்பவர் கண்ணுக்கு அதெல்லாம் தப்புமா. "நீங்க தீட்டினா கலர் நிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிற்காமல் எங்கே போகும் என்று இவர் சிரித்தார். தெருமுனை திரும்பும்போது பார்த்தால், அந்தப் பெண்மணி கதவருகே முதுகை விறைத்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

நிற்காத நிறத்தை நிற்கவைக்க வேண்டும் என்ற வீம்பு வந்துவிட்டது பல்காரருக்கு. பட்டறையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதி அனுப்பும் நிறத்தை அவர் நம்பமாட்டார். மாதிரிப் பற்கள் கோத்த வளையத்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடமே போவார். பக்கத்துப் பல் எச்சிலில் நனைந்திருக்கும்போதே மாதிரியை அதன் ஓரத்தில் வைத்துப் பார்ப்பார். உயிருள்ளதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுக்காத நிறம் நிறமே இல்லை என்பது அவர் கட்சி. அப்படியிருக்க, பொம்மையின் முகத்துக்கு மட்டும் புட்டியில் வந்த சதை நிறத்தை அப்படியே பூசிக்கொண்டிருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் அதே சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"கையக் கொஞ்சம் நீட்டு."

"என்ன, திடீர்னு பாசம்?"

"கலர் பாக்கணும்."

"அதானே பாத்தேன்" என்று டீச்சர் இடது கையை நீட்டிவிட்டு, வலது கையால் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தார். பல்காரர் பழுப்பும் மஞ்சளும் கலந்தார், துளி சிவப்பு சேர்த்தார், ஊசிமுனை அளவுக்கு நீலம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் துண்டில் அதைத் தடவி, டீச்சரின் முன்கையில் வைத்து வைத்துப் பார்த்தார். கொஞ்சம் வெளுப்பு. கொஞ்சம் சிவப்பு அதிகம். கடைசியில் ஒருமுறை வைத்தபோது சாயத்தின் விளிம்பு மறைந்துபோயிற்று. எது சாயம், எது தோல் என்று அவருக்கே தெரியவில்லை.

"சில்லுனு இருக்கு" என்று டீச்சர் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த நிறத்தைத் தண்ணீர்விட்டு இளக்கிப் பொம்மையின் கன்னத்தில் முதல் தீற்றல் வைத்தார். எங்கோ டக்கென்று ஒரு சத்தம். மரத்தின் மேல் குதிகால் பட்டதுபோல, ஆனால் மிகச் சின்னதாக. மாத்திரைப் புட்டி ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை முகம் இருந்தது.

பல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து மாலையானால் டீச்சர்தான் அவருடைய மாதிரி வளையம். தாடைக்குக் கீழே விழும் நிழலுக்குத் தாடைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். காதுமடலுக்குக் காதுமடல். மூக்கு நுனியின் செம்மைக்கு மூக்கு நுனி. உதட்டுக்கு உதடு. "நான் என்ன உங்க பெயிண்ட் டப்பாவா?" என்று டீச்சர் அலுத்துக்கொண்டாலும் முகத்தைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருக்கத்தான் செய்தார். கல்யாணமான புதிதிலும் இவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்கூட. பின்னால் பல்காரர் அதை நினைத்து நினைத்துச் செத்தார்.

கண்ணை மட்டும் அவர் கடைசிக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு நிறம் வைக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தது. டக். அதற்கு அவர் பழகிப்போனார். சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் படுத்த பொம்மை காலையில் டீச்சரின் நாற்காலியைப் பார்த்து நின்றதற்கும் பழகிப்போனார். ஒருநாள் தூசி ஊதுவதற்காகப் பொம்மையை முகத்தருகே கொண்டுபோனபோது சாயவாடையோ ஈயவாடையோ வரவில்லை. டீச்சரின் சோப்பு மணத்தது. வேலை செய்த கைதானே என்று தன் விரலை முகர்ந்தார். விரலில் சோப்பு வாசம் இல்லை.

மறுநாள் டீச்சர் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தார்.

"உங்க பெயிண்ட் கையில ஒட்டியிருக்கு. எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குது."

முன்கையில் ரூபாய்க் காசளவு ஒரு திட்டு. பல்காரர் கையைப் பிடித்துச் சன்னலருகே கொண்டுபோனார். சாயம் பட்டிருந்தால் மேலே மேடாக இருக்கும், ரோமம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் ரோமமே இல்லை. தோலின் ரேகை இல்லை, துளை இல்லை. மழுமழுவென்று, பளபளப்பில்லாத, ஒரே சீரான சாம்பல். நகத்தால் தட்டினார். டீச்சருக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை தட்டினார். டிக் டிக் என்றது.

அந்தச் சாம்பலை அவருக்கு நன்றாகத் தெரியும். புட்டி புட்டியாக வாங்கி வைத்திருக்கிறார்.

தெரிந்ததைத் தெரியாததுபோலவே வைத்துக்கொண்டார். பயத்தில் மனிதன் அதைத்தான் செய்கிறான். தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கவலைப்படாதீங்க என்று சொல்லிக் களிம்பு எழுதிக்கொடுத்தார். திட்டு தாடைக்குக் கீழேயும் வந்தது, காதுமடலுக்கும் வந்தது. நான்தான் எடுத்தேன் என்று டீச்சரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு காலை டீச்சர் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சூடே இல்லையே" என்றார். தம்ளரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

அன்று மாலையே முடித்துவிடத் தீர்மானித்தார். இங்கிருந்து அங்கே போன நிறத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால் இங்கே திரும்பித்தானே ஆகவேண்டும். டீச்சர் உள்ளறையில் அசதியாகப் படுத்திருந்தார். வெளியே மழை. பல்காரர் அகலவாய்ப் பாட்டிலில் ஸ்பிரிட்டை ஊற்றி, பொம்மையைப் புட்டியிலிருந்து பெயர்த்து அதற்குள் போட்டார். அக்ரிலிக்கை ஸ்பிரிட்தான் கரைக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொப்பிக்குக் கீழிருந்து நிறம் மெல்லப் புகைபோலக் கிளம்பியது. மேலங்கி கரையவில்லை. பொத்தான் கரையவில்லை. முகம் மட்டும்.

"என்னங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முகம் எரியுது."

எரியட்டும். திரும்பி வருகிறது, அதனால் எரிகிறது. பொம்மையை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்.

"என்னங்க, ரொம்ப எரியுது."

"இதோ ஆயிடுச்சு. பொறுத்துக்கோ." அவர் வேகமாகத் தேய்த்தார். மூக்கோரத்தில், உதட்டு மடிப்பில், காதுக்குப் பின்னால், ஒரு பொட்டு விடாமல். சாம்பல் தெரிகிறவரை தேய்த்தார். உள்ளேயிருந்து வந்த குரல் நின்றது. நிம்மதியாக மூச்சுவிட்டார். பொம்மையைத் துடைத்து, மேசைக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி இருந்தது. கண் இருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் சாம்பல்.

"இப்ப எரியல" என்றார் டீச்சர். குரல் மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது. "போயிடுச்சா?"

பல்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போயிடுச்சு" என்றார்.

பாட்டிலில் பழுப்பாகக் கலங்கிக் கிடந்ததை ஓடிப்போய்ப் பார்த்தார். அது எங்கேயும் திரும்பவில்லை. வெறும் அழுக்குத் தண்ணீராகிக் கிடந்தது. டாக்டர் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கண்ணாடி கேட்ட டீச்சரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லிச் சமாளித்தார். அப்புறம் டீச்சர் கேட்கவில்லை. கை பிடித்து மேசைக்கு அழைத்துவந்து அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பினார். எந்த டாக்டரும் இதைச் சரிசெய்ய முடியாது. எடுத்த கைதான் திருப்பி வைக்க வேண்டும். விடியும் நேரத்துக்குச் சாம்பல் கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது.

"என்னங்க. ஒரே இருட்டா இருக்கு. விளக்கைப் போடுங்களேன்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் சாம்பல் முகத்தின் ஒவ்வொரு மேடும் தெரிந்தது. உதடு அசைந்ததா என்று பல்காரர் பார்க்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

புட்டி நிறத்தைப் பூசிப் பார்த்தார். காய்ந்தது. மத்தியானத்துக்குள் சாம்பல் மேலே வந்துவிட்டது. நினைவிலிருந்து கலந்தார். இத்தனை வருஷம் பார்த்த முகம்தானே. அதுவும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் இடது சட்டைக் கையைச் சுருட்டினார். உயிருள்ளதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுக்காத நிறம் நிறமே இல்லை. பிளாஸ்டிக் துண்டைத் தன் முன்கையில் வைத்தார். விளிம்பு மறைந்தது. சில்லென்றது.

அது நின்றது.

கன்னம் நின்றது. நெற்றி நின்றது. அவருடைய முன்கை போயிற்று. பிறகு தோள். தாடை. உதடு. வலியே இல்லை, மரத்துப்போனதுபோல இருந்தது, அவ்வளவுதான். போகட்டும் என்றிருந்தது அவருக்கு. அவள் திரும்பி வந்தால் போதும். நாற்காலியில் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. தொங்கியிருந்த தலை உயர்ந்தது. உயிர் வருகிறது. வந்துகொண்டிருக்கிறது. மறுபடி பொழுது சாய்ந்து வீடு இருண்டுவிட்டது. மழை விட்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் அவர் தூரிகையை அலசும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

டக்.

நாற்காலிக்கு அடியிலிருந்து.

அவர் குனிந்து பார்க்கவில்லை. கண் மட்டும் பாக்கி. முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே சாய்த்துவைத்தார். தன் வலது கண்ணைப் பார்த்தார். கறும் பழுப்பு, சுற்றிலும் மங்கிய வளையம், ஓரத்தில் செந்நரம்பு. கலந்தார். ஒத்துவந்தது. மிக மெல்லிய தூரிகை. மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை. பழுப்பு. நடுவில் கறுப்புப் புள்ளி. அதன் மேல் ஒரு வெளிச்சத் துளி.

வலது பக்க உலகம் அணைந்தது.

எதிரே அந்தக் கண் திரும்பி அவரைப் பார்த்தது.

"தெரியுதா?" பல்காரர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். "டீச்சர், நான் தெரியறேனா?"

கண் இமைக்கவில்லை. அவர் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தது. தோள்கள் விறைத்தன. முகவாய் உயர்ந்தது. குதிகால்கள் சேர்ந்தன. டக். அதே சத்தம், ஆளுயரத்துக்கு. சீரான நடையில் வாசல் கதவருகே போய்த் திரும்பி நின்றது. தூரிகை பிடித்த வலது கை மெல்ல மடங்கி, தோளருகே இல்லாத ஒன்றைப் பிடித்ததுபோல நின்றது.

காவலுக்கு நின்றது.

பல்காரரின் பின்னால், அலமாரித் தட்டிலிருந்து, சோப்பு வாசம் வந்தது.

"என்னங்க" என்றது குரல். டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. ஈயத்துக்குள்ளிருந்து. "யார்கூடப் பேசறீங்க? விளக்கைப் போடுங்களேன்."

அவர் திரும்பினார். நடுவிரல் உயரத்தில், மொட்டை முகத்தோடு, அது அவர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவர் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்த முகம். கையை நீட்டினார். கை சாம்பலாக இருந்தது. தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

டக். டக். டக்.

கதவருகே இருந்தது திரும்பி வந்தது. நாற்காலியில் முதுகு நேராக உட்கார்ந்தது. தீட்டாத இடது கண்ணை விளக்குக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, தோளருகே மடங்கியிருந்த கையை இறக்கி, தூரிகையை அவரிடம் நீட்டியது.